எதிர்சேவை

சித்திரைப் பௌர்ணமி நெருங்கிவிட்டால் எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரில் கரிக்கோடுகள் தோன்றத் தொடங்கும். அடுப்பிலிருந்து எடுத்த கரித்துண்டால் அப்பத்தா இழுத்த கோடுகள் அவை. ஓர் ஆளுக்கு ஒரு கோடு. நான்கு கோடுகள் ஆனதும் ஐந்தாவது அவற்றின் குறுக்கே விழும். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு அதுவே விருந்தினர் பதிவேடு. திண்ணையிலும் கூடத்திலும் பின்கட்டிலும் இரவு எத்தனை தலைகள் படுத்திருக்கின்றன என்று எண்ணிக் கோடு போட்டால்தான் விடிந்ததும் எத்தனை படி அரிசி உலையில் போடுவது என்பது தெரியும். எங்கள் நினைவில் அதிகமான கோடுகள் விழுந்த ஆண்டு 1977. அவ்வாண்டு எண்ணிக்கை 43.

நாங்கள் மூவர். இரண்டு அண்ணன் தம்பியர், ஒரு தங்கை. இதை மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி எழுதுகிறோம். நினைவு மூவருக்கும் பொது; இதில் வரும் பிழையும் அப்படியே.

மதுரை வைகையின் வடகரையில், செல்லூரில், தறிச்சத்தம் ஓயாத ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. ஓட்டு வீடு, முன்னே இரு பக்கமும் திண்ணை. அப்பத்தா பிறந்தது மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, அழகர் ஆற்றில் இறங்கும் திருவிழாவுக்கு அவ்வூரார் வந்து தங்கும் இடம் எங்கள் வீடு என்றாயிற்று. உறவினர் மட்டும் வந்தனர் என்று எண்ண வேண்டாம். உறவினரின் உறவினர், அவர்களோடு வழியில் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தவர், யாரென்றே தெரியாமல் கூட்டத்தோடு வந்து படுத்தவர் எனப் பலரும் இருந்தனர். ஓர் ஆண்டு நான்கு நாள் சாப்பிட்டுச் சென்ற முதியவர் ஒருவரை, அப்பத்தா தம்முடைய ஊர்க்காரர் என்றும், ஊர்க்காரர்கள் அவரை அப்பத்தாவின் புகுந்த வீட்டுச் சொந்தம் என்றும் கருதியிருந்தனர்.

மதுரையின் சித்திரைத் திருவிழா என்று வெளியூரார் ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு கோயில்களின் இரண்டு விழாக்கள். மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேறிப் பன்னிரண்டு நாள் விழா நடக்கும். எட்டாம் நாள் அம்மனுக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் மாசி வீதிகளில் தேரோட்டம். மற்றொன்று, நகரிலிருந்து ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில் மலையடிவாரத்தில் இருக்கும் அழகர் கோயிலின் விழா. பழங்காலத்தில் மீனாட்சி திருக்கல்யாணம் மாசி மாதத்தில் நடந்தது என்றும், அழகர் சித்திரைப் பௌர்ணமியன்று ஆற்றில் இறங்கியது மதுரையில் அன்று, வைகைக் கரையில் மேற்கே இருக்கும் தேனூரில் என்றும் சொல்வர். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இவ்விரண்டையும் சித்திரையில் ஒன்றாகச் சேர்த்தார் என்பது வழிவழி வரும் செய்தி. மாசியில் நடந்த விழாவின் தடம் இன்றும் மாசி வீதி என்ற பெயரில் நிற்கிறது. தேனூரின் உரிமை, வண்டியூர் ஆற்றுக்குள் இருக்கும் தேனூர் மண்டபத்தில் நிற்கிறது. பெயரையும் முதல் மரியாதையையும் ஊருக்குக் கொடுத்துவிட்டு விழாவை மட்டும் எடுத்துக்கொண்டார் மன்னர். அரசியல் தெரிந்தவர்தாம்.

நாயக்கர் செய்ததன் பயனை எங்கள் சந்து அனுபவித்தது. மலையிலிருந்து அழகர் கள்ளழகர் கோலத்தில் புறப்படுவார். கொண்டையும் கையில் வளைதடியுமாகப் பல்லக்கில் வருவார். பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமியிடம் விடைபெற்றுக் கிளம்பும் அவருக்கு வழிநெடுக மண்டகப்படிகள். இன்று அவை நானூறுக்கும் மேல். ஒவ்வொன்றிலும் நின்று, மரியாதை பெற்று, திருக்கண் சார்த்தி, மறுநாள் விடியலில் மூன்றுமாவடிக்கு வந்து சேர்வார். அங்கே நகரம் அவரை எதிர்கொண்டு வரவேற்கும். அதற்கு எதிர்சேவை என்று பெயர். வருகிறவர் வாசலுக்கு வரட்டும் என்று உள்ளே உட்கார்ந்திராமல், எழுந்து, நடந்து, ஊர் எல்லைவரை சென்று அழைத்து வருவது. செம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை இட்டு, வாழையிலையால் வாயை மூடி, அதன்மேல் சூடம் ஏற்றிக் கையில் ஏந்தி நிற்கும் பெண்களை அன்று தல்லாகுளம் சாலையெங்கும் காணலாம்.

அழகரோடு சேர்ந்தேதான் எங்கள் விருந்தினரும் வந்தனர். எங்கள் சிறுவயதில் பாதிப்பேர் மாட்டு வண்டியிலும் பாதிப்பேர் கால்நடையாகவும் வந்தார்கள். தலையில் மூட்டை, மூட்டைக்குள் அரிசி, பருப்பு, ஒரு மாற்றுச் சேலை. சிறுவர்களுக்கு மொட்டை போட நேர்ந்திருப்பார்கள். ஆடவரில் சிலர் சல்லடமும் தலைப்பாகையும் அணிந்து திரி ஏந்தி வருவர். சிலர் தோளில் ஆட்டுத்தோல் பை தொங்கும். அதன் சிறு குழாய் வழியே அழகர்மேல் நீர் பீய்ச்சுவது அவர்கள் நேர்த்திக்கடன். கோடையில் வெயில் தாங்காமல் நடந்து வருகிற சாமிக்கு உடம்பு எரியுமே என்ற கவலை அதில் இருந்தது. இரவு திண்ணைத் தூணில் அந்தத் தோல் பைகள் வரிசையாகத் தொங்குவதும், அவற்றிலிருந்து சொட்டும் நீரில் எங்கள் பாய் நனைவதும் எங்களுக்குத் திருவிழாவின் முதல் அடையாளம்.

ஏன் சித்திரை என்பதற்கு அவ்வூரார் வேறொரு விடை வைத்திருந்தனர். மேலூர்ப் பக்கத்து நிலம் பெரியாற்றுத் தண்ணீரை நம்பிய நிலம். பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் முடிந்து, மேற்கே ஓடிய ஆறு மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட பிறகு அங்கே நெல் பெருகிற்று. தை மாசியில் அறுப்பு முடியும். பங்குனியில் புளி உலுக்குவார்கள். சித்திரையில் நிலம் வெடித்துக் கிடக்கும். கையில் வேலை இராது, குதிரில் சிறிது நெல் இருக்கும். ஆண்டில் அந்த ஒரு மாதந்தான் குடியானவனால் நான்கு நாள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே வர முடியும். ஆகவே அவர்கள் வந்தனர். அழகர் எந்தப் பட்டு உடுத்தி இறங்குகிறார் என்பதில் அவர்களுக்கு இருந்த ஆவலும் இதைச் சேர்ந்ததே. பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கும்போது கைக்கு வரும் பட்டைச் சார்த்துவதாகச் சொல்வர். பச்சை என்றால் நாடு செழிக்கும். மற்ற நிறங்களுக்கு ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். பச்சைப்பட்டு என்று செய்தி வந்தால் திண்ணையில் ஒரு பெருமூச்சு எழும். அடுத்த ஆண்டு விதைநெல்லுக்குக் கிடைத்த உத்தரவாதம் போல.

ஆறும் அந்நாளில் விருந்தோம்பிற்று. வருசநாட்டு மலையில் பிறந்து இராமநாதபுரம் வரை 258 கிலோமீட்டர் ஓடும் வைகை, சித்திரையில் பெரும்பாலும் மணல்தான். ஆனால் அந்த மணல் வெறும் மணல் அன்று. முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று. சிரட்டையால் கலங்கலை இறைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால் கண்ணாடி போலத் தண்ணீர் நிறையும். ஆயிரக்கணக்கானோர் மணலிலேயே கல் கூட்டிச் சமைத்து, ஊற்று நீரைக் குடித்து, நிலவில் படுத்துறங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அவர்களில் ஒரு சிறு துளி. வீட்டில் இடம் போதாதவர்களை அப்பத்தா கூசாமல் ஆற்றுக்கு அனுப்பி வைப்பார். ஆறு பெரிய வீடு என்பார்.

1959-இல் வைகை அணை திறக்கப்பட்டது. அணை வந்ததால் ஆறு அழிந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது எளிது, அது நேர்மையாகாது. அந்த அணை பாய்ச்சும் நீரால் வாழும் வயல்கள் உண்டு, மதுரைக்குக் குடிநீரும் அதிலிருந்தே வருகிறது. ஆற்றை அழித்தது பின்னர் வந்த மணல் லாரிகளும், நாங்களே விட்ட சாக்கடையும். மணல் போனதும் ஊற்று போயிற்று. இப்போது திருவிழாவுக்கென்று அணையைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள். அது வந்து சேரும் நாளில் பாலத்தில் நின்று மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் ஆற்றுக்குள் ஒரு தொட்டி கட்டி அதில் நீர் நிரப்பி அழகரை இறக்கியதும் உண்டு. ஆறு கைவிட்ட பிறகுதான் வீடுகளின் குழாய்களை நாடி மக்கள் வந்தார்கள் என்பதை நாங்கள் வெகுகாலம் உணரவில்லை. கூட்டம் அதிகமாகிவிட்டது என்று மட்டும் அலுத்துக்கொண்டோம்.

அலுப்பு எங்கள் தாயிடமிருந்து எங்களுக்கு வந்தது. அதில் அவரைக் குறை சொல்ல மாட்டோம். நாற்பது பேருக்குப் பொங்கி இறக்குவது மருமகளின் வேலை, பெயர் மாமியாருக்கு. வீட்டில் இருந்தது ஒரே கழிப்பறை. தெருக்குழாயில் தண்ணீர் இரவு இரண்டு மணிக்கு வரும். விருந்தினர் போன பிறகு ஒரு பித்தளைத் தம்ளர் குறையும், அல்லது யாருடையதோ ஒரு குழந்தைச் சட்டை கூடுதலாக இருக்கும். அப்பாவின் ஆலைச் சம்பளத்தில் சித்திரைக் கடன் ஆடி வரை நீளும். ஒரு முறை அம்மா, “வருசத்துல நாலு நாளு எனக்கு மட்டும் தீட்டு மாதிரி ஒதுங்கி எங்கிட்டாவது போயிடலாம் போல இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அப்பத்தா கோபப்படவில்லை. “போயிட்டு வா தாயி, நான் பாத்துக்கிர்றேன்” என்றார். அம்மா போகவில்லை.

அழகர் ஏன் ஆற்றோடு திரும்பிப் போகிறார் என்ற கதையை நாங்கள் அப்பத்தாவின் தங்கையிடம் கேட்டோம். அவரைச் சின்னாத்தா என்று நாங்கள் அழைப்பது வழக்கம். முறைப்படி அவரும் அப்பத்தாதான். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர் எடுத்துக்கொண்டு அண்ணன் அழகர் புறப்பட்டு வருகிறார். வழியெல்லாம் மண்டகப்படி. ஒவ்வொரு ஊரிலும் ஆள் நிறுத்துகிறார்கள்; மறுக்க முடியவில்லை. ஆற்றுக்கு வந்து சேரும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று சேதி வருகிறது. அண்ணன் வரும்வரை பொறுக்கவில்லையா என்று மனம் வெதும்பி, ஆற்றைக் கடந்து ஊருக்குள் வராமல், கரையோடு வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். அங்கே துலுக்க நாச்சியார் வீட்டில் இரவு தங்குகிறார் என்று கதை தொடரும்.

கல்லூரிக்குப் போன திமிரில் எங்களில் மூத்தவன் அவரை மடக்கினான். இந்தக் கதை கோயிலில் கிடையாது. கோயில் வழக்கப்படி அழகர் வருவது, சாபத்தால் தவளையாகிய மண்டூக முனிவருக்கு வீடுபேறு கொடுக்க. தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் அதைச் செய்கிறார். கல்யாணத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரண்டு விழாவையும் நாயக்கர் ஒட்டியதால் சனங்கள் பிற்பாடு கட்டிய கதை இது. பிழையில்லாமல்தான் சொன்னான். தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றிச் செய்த ஆய்வு 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தபோது அதையும் வாங்கி வந்து, நாட்டுப்புற மக்களுக்கும் அக்கோயிலுக்கும் உள்ள பிணைப்பைப் பற்றிய பகுதிகளை வீட்டில் உரக்கப் படித்தான்.

சின்னாத்தா பொறுமையாகக் கேட்டார். பின்பு, “அதெல்லாம் சரி அப்பு. நீ என்னிக்காச்சும் ஒரு கல்யாணத்துக்கு நடந்து போயிருக்கியா?” என்றார்.

அவன் போனதில்லை. நாங்கள் யாருமே போனதில்லை. எங்களுக்கு அன்று அது மழுப்பலான விடையாகத் தோன்றியது. பேருந்தில்லாத ஊரிலிருந்து, ஆட்டையும் மாட்டையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, சீர்த்தட்டோடு நடந்து வந்து, பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் பட்டணத்து உறவினர் வாசலில் நின்ற அனுபவம் அந்த ஊர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்! முனிவரும் தவளையும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தங்களுக்கு நேர்ந்ததையே அவர்கள் சாமிக்கும் நேர்ந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். மதுரைக்காரர்கள் நாம் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே சாமி கும்பிடுகிறோம். அந்தக் கதையில் பந்தியைக் காக்க வைக்காதவர்கள் யார் என்பதை நாம் யோசிப்பதில்லை.

அப்பத்தா 1994-இல் காலமானார். அதற்குப் பின்னும் கூட்டம் வந்தது. சின்னாத்தா அதன் தலைவியானார். ஆண்டுதோறும் அவர் மூட்டையில் கொட்டை நீக்கிய புதுப்புளி ஓர் உருண்டை தவறாது இருக்கும். 2003-இல் நாங்கள் வீட்டை இடித்துக் கட்டினோம். திண்ணை தெருவை அடைத்துக்கொண்டிருந்தது என்று பொறியாளர் சொன்னார். அதுவும் உண்மைதான். திண்ணை போன இடத்தில் கார் நிறுத்தும் இடமும் இரும்புக் கதவும் வந்தன. கரிக்கோடுகள் இருந்த சுவர் ஒரு முற்பகலில் விழுந்தது. ஒருவருக்கும் அதைப் படமெடுக்கத் தோன்றவில்லை. புதுவீட்டில் விருந்தினர் மாடியில் தங்கினர். ஆனால் செருப்பை எங்கே விடுவது, குழாயை எந்தப் பக்கம் திருகுவது என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் எங்களைக் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் கூச்சம். சொல்லிச் சொல்லி எங்களுக்குச் சலிப்பு. முப்பது பேர் இருபதாகி, பத்தாகி, எட்டானார்கள்.

இனி எழுத வேண்டியது எங்களுக்கு எளிதன்று.

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-இல் அழகர் ஆற்றில் இறங்கினார். அவ்வாண்டு அந்த நான்கு நாட்களுக்கும் நாங்கள் கொடைக்கானலில் அறை எடுத்தோம். பிள்ளைகளுக்கு விடுமுறை, வெயில் கடுமை, தெருவைப் போலீசார் தடுப்பு வைத்து அடைத்துவிடுவார்கள், வண்டி எடுக்க முடியாது. காரணங்கள் எல்லாம் கையில் இருந்தன. சின்னாத்தாவின் பேரனிடம் செல்பேசி இருந்தது. அவன் எண்ணும் எங்களிடம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மறந்துவிட்டோம் என்று பின்னால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மறக்கவில்லை. சொன்னால் ‘வரவேண்டாம்’ என்று சொன்னதாக ஆகிவிடும். சொல்லாமல் இருந்துவிட்டால் ஒன்றும் சொன்னதாக ஆகாது என்று நினைத்தோம்.

திரும்பி வந்தபோது எதிர்வீட்டு அம்மாள் எங்களுக்காகக் காத்திருந்தார். எதிர்சேவையன்று பிற்பகல் சின்னாத்தா வந்திருக்கிறார். எண்பது வயதுக்கு மேல். உடன் பேத்தியும், மொட்டை போட வேண்டிய குழந்தையும். இரும்புக் கதவில் பூட்டைக் கண்டு, படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாள் தம் வீட்டுக்குள் அழைத்தும் வரவில்லை. குழந்தைக்கு மட்டும் மோர் வாங்கிக்கொண்டார்களாம். “இது எங்க அக்கா வீடு. அக்கா வீட்டு வாசல்ல உக்காந்திருக்க எனக்கென்ன வெக்கம்? இப்ப வந்துருவாக” என்று சொன்னாராம். இரவு ஒன்பது மணி வரை இருந்திருக்கிறார். பிறகு எழுந்து, மூவரும் ஆற்றுப் பக்கம் நடந்து போயிருக்கிறார்கள். மறுநாள் காலை அழகர் இறங்கியதும், குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பும் வழியில் மீண்டும் ஒருமுறை எங்கள் வாசலுக்கு வந்து பார்த்திருக்கிறார். பூட்டு அப்படியே இருந்தது. கொண்டுவந்த புளியைக் கதவின் கம்பியில் துணியோடு கட்டிவிட்டுப் போயிருக்கிறார். நாய் இழுத்துவிடக் கூடாதென்று எதிர்வீட்டு அம்மாள் எடுத்து வைத்திருந்தார்.

அந்தப் புளி ஆண்டு முழுவதும் எங்கள் குழம்பில் கரைந்தது. தூக்கி எறியவும் மனமில்லை.

மறு ஆண்டு, 2019-இல், மதுரையில் தேரோட்டமும் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவும் ஏப்ரல் 18 என்ற ஒரே நாளில் வந்தன. மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவு நேரத்தை இரவு எட்டு மணி வரை நீட்டினார்கள். தேரையும் பார்த்து வாக்கையும் போட்டு வந்து, மாடியைக் கழுவிவிட்டு, பாய்களை உதறி விரித்து, கதவை அகலத் திறந்து வைத்தோம். ஒருவரும் வரவில்லை. எதிர்சேவை இரவு முழுவதும் தெருவில் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் வாசலில் மட்டும் எவரும் நிற்கவில்லை.

வைகாசியில் மூவரும் ஊருக்குப் போனோம். சின்னாத்தா வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, மூவர் கன்னத்தையும் தடவி, எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். சாப்பிடாமல் போகக் கூடாதென்று கோழி அடிக்கச் சொன்னார். நாங்கள் மன்னிப்புக் கேட்க எடுத்துவந்த சொற்களை வெளியே எடுக்க அவர் இடமே கொடுக்கவில்லை. புறப்படும்போது தங்கை மட்டும் தயங்கித் தயங்கி, “போன வருசம் நீங்க வந்தப்போ...” என்று தொடங்கினாள்.

“ஆமா தாயி. வீட்டுக்குப் புதுப்பூட்டுப் போட்டிருந்தீக. நல்ல கனமான பூட்டு” என்றார். அவ்வளவே. முகத்தில் வருத்தமோ ஏளனமோ இல்லை. அந்தச் சொல்லில் கசப்பு இருந்ததா, இல்லையா என்று வரும் வழியெல்லாம் மூவரும் வாதிட்டோம். இன்னும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால், “அடுத்த வருசம் வாங்க” என்று நாங்கள் அழைத்தபோது அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அழகரே வரவில்லை. 2020-இல் பெருந்தொற்றால் ஊரடங்கு. மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களை மட்டும் வைத்து நடந்தது. பெண்கள் வீட்டில் கைப்பேசித் திரையைப் பார்த்தபடி தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் மலையைவிட்டு இறங்கவில்லை. 2021-இலும் அவ்வாறே, கோயில் வளாகத்துக்குள்ளேயே ஒரு வைகையை உண்டாக்கி, அதில் இறங்கும் சடங்கை முடித்தனர். அந்தச் சித்திரைப் பௌர்ணமி இரவுகளில் தெருவைப் பார்த்து நின்றிருந்தோம். திருவிழா நாளில் வண்டி எடுக்க முடியவில்லை என்று எத்தனை ஆண்டுகள் சலித்துக்கொண்டோமோ, அந்தத் தெரு நாய்கூட இல்லாமல் கிடந்தது. எடுப்பதற்கு வண்டியும் இருந்தது, போவதற்கு வழியும் இருந்தது, போகத்தான் இடமில்லை. 2021 ஆவணியில் சின்னாத்தா காலமானார். மூப்புத்தான் காரணம். ஊரடங்கின் நடுவே செய்தி எங்களுக்கு மூன்று நாள் கழித்தே வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

2022 ஏப்ரல் 16-இல் அழகர் மீண்டும் ஆற்றில் இறங்கினார். இரண்டு ஆண்டுக் காத்திருப்பெல்லாம் ஒரே விடியலில் கரைபுரண்டு வந்தது. அந்த நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். அவர்கள் எந்தத் தெருவில் இரவைக் கழித்தார்கள், எந்த வாசலில் தண்ணீர் கேட்டார்கள் என்று அறியோம். செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தோம். நெரிசலுக்குப் பாலம், பாதை, காவல் என்று ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். இறங்குவதற்கு முந்திய இரவு கால் நீட்டிப் படுக்க இடமில்லாமல் இலட்சக்கணக்கானோர் சாலையிலேயே நிற்பதும் அவற்றுள் ஒன்று.

அவ்வாண்டு முதல் காரை நான்கு நாட்களுக்கு நண்பர் வீட்டில் விட்டுவிடுகிறோம். அந்த இடத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பாயும், நீர்மோர்ப் பானையும், பாய்களும் இருக்கும். வருகிறவர்கள் குடித்துவிட்டு, பனையோலை விசிறி ஒன்றை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். படுக்க எவரும் வரவில்லை. இரும்புக் கதவைக் கடந்து உள்ளே வந்து படுக்க யாருக்குத்தான் துணிவு வரும்? மூன்று ஆண்டுகள் பாய்கள் விரித்தபடியே விடிந்தன. சென்ற ஆண்டுகளின் பாவத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறீர்களா என்று எங்கள் பிள்ளைகளில் ஒருவன் கேலி செய்தான். பதில் சொல்லவில்லை.

2025 மே 11, எதிர்சேவை இரவு. மணி பத்திருக்கும். அறுபது வயதைக் கடந்த ஒருவர், தோளில் துண்டும் கையில் பேரனுமாக எங்கள் வாசலுக்கு எதிரே நின்று தெருவை இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் மூட்டைகளோடு நின்றது.

“அய்யா, இந்தத் தெருவுல ஒரு திண்ணை வீடு இருந்துச்சே, எது?” என்று கேட்டார்.

இதுதான் என்றோம்.

அவர் நம்பவில்லை. இரும்புக் கதவையும் மாடியையும் அண்ணாந்து பார்த்தார். “சின்னப் பையனா இருக்கையில எங்கய்யாவோட வந்து படுத்திருக்கேன். வலது பக்கத் திண்ணை. ஒரு ஆத்தா ராத்திரி அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கிட்டு வந்து எங்களையெல்லாம் எண்ணும். நான் போர்வைக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிருவேன். போர்வைய விலக்கிப் பாத்து எண்ணிட்டுப் போகும்” என்றார்.

எந்த ஊர், யாருக்கு உறவு என்று கேட்டோம். சின்னாத்தாவின் ஊர் அன்று. அதற்கு அப்பால் வேறொரு ஊர். அப்பத்தாவுக்கு உறவுமில்லை. அவர் தகப்பனார் ஒருமுறை கூட்டத்தோடு வந்தவர், பிறகு ஆண்டுதோறும் வந்திருக்கிறார். இடையில் பிழைப்புக்காகத் திருப்பூருக்குப் போய் முப்பது ஆண்டுகள் வராமல் இருந்துவிட்டு, இப்போது பேரனுக்கு மொட்டை போட வந்திருந்தார்.

பாய்களைக் காட்டினோம். கூட்டத்தில் இருந்த பெண்கள் கதவருகே சற்றுத் தயங்கினார்கள். அவர் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து, வலது பக்கச் சுவரோரமாகப் பார்த்துப் பாயை இழுத்துப் போட்டுப் படுத்தார். மற்றவர்களும் வந்தார்கள்.

நள்ளிரவில் தங்கை கைப்பேசி வெளிச்சத்தோடு இறங்கிப் போய் எண்ணினாள். பதினொருவர். அடுக்களைச் சுவரெல்லாம் இப்போது டைல்ஸ். வீட்டில் கரியும் இல்லை. நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்புறத்தில் பேனாவால் கோடுகள் போட்டாள். மூன்று மணிக்கு எழுந்து அரிசி களையப் போனவள் மறுபடியும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பேனாவைத் தேடி எடுத்து, இன்னும் இரண்டு கோடுகள் போட்டாள். புதியவர்கள் யாரென்று, முதலில் வந்த பதினொருவருக்கும் தெரியாது.